கறுப்புத் துணிக்குள் அக்கா

பீரோவில் பூச்சி உருண்டை நெடி அடித்தால், இலங்கையின் ஹட்டனில் இப்போது இல்லாத அந்தக் கன்னியர் மடத்துக் கோயில் நினைவு வந்து இன்றும் கதவைச் சட்டென்று சாத்திவிடுகிறேன். கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்க அக்கா பீடத்தின் முன் குப்புறப் படுத்ததும், அதே நெடியடித்த கறுப்புத் துணியால் சிஸ்டர்மார் அவளைத் தலையோடு மூட, சாவுக்கு அடிப்பதுபோல் மணி ஒவ்வொன்றாக விழ, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற மன்றாட்டு முடியாமல் நீள, துணி அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அக்கா செத்துருச்சா?"

"உஸ்! உலகத்துக்குத்தான் செத்துப் போறா. இப்ப எந்திரிச்சிருவா."

எழுந்தவளுக்குப் புதுப்பெயர் சொன்னார்கள். அம்மா, பெற்ற மகளைப் பார்த்துக் கைகூப்பி, "தோத்திரம் சிஸ்டர்" என்றாள்.

அப்படியானால் உள்ளே போன அக்கா எங்கே? கறுப்புத் துணியை மடிக்க விடாமல் பிடித்துக்கொண்டு அலறினேன்.