மிஞ்சிய ஒரு கரண்டி மருந்து

வேலாயுதத்துக்கு இடது காது கேட்காது என்பது தேக்காவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பழகியவர்கள் வலது பக்கமாகச் சுற்றி வந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தக் காது போன கதையை அவருடைய மகள் பூரணம் எனக்குச் சொன்னார். ஈசூனில் பூரணத்தின் வீட்டில்தான் நான் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வேதியியலில். அதனால் ஈயம், வெடிமருந்து என்று பேச்சு வந்ததும் துருவித் துருவிக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

சண்டைக்கு முன்னால் வேலாயுதம் ஹை ஸ்திரீட் பக்கம் ஒரு வெள்ளைக்காரனுடைய துப்பாக்கிக் கடையில், பின்கட்டில் வேலை பார்த்தார். ரப்பர் தோட்டத்துத் துரைமார்கள் பன்றி சுட ஒருவகைத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அதே தோட்டா இடுப்பில் செருகும் ரிவால்வருக்கும் பொருந்தும் என்பதால், காட்டில் இருவகைத் தோட்டாவைச் சுமக்க வேண்டாமென்று இரண்டையும் ஜோடியாகவே வாங்குவார்கள். சீமைத் தோட்டா கப்பலில் வர வேண்டும். அதுவரை யார் காத்திருப்பது? சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைச் சாக்கில் கட்டிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

வேலாயுதம் ஈயத்தை உருக்கி, பாக்குவெட்டி மாதிரி திறந்து மூடும் ஓர் அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார். அச்சு சூடேறும்வரை விழும் குண்டுகள் கிழவன் முகம்போலச் சுருங்கியிருக்கும். அவையெல்லாம் திரும்பச் சட்டிக்கே போகும். நல்ல குண்டுக்கு மெழுகு தடவி, கூட்டின் அடியில் தட்டினால் பொறி விடும் புதுக் கேப்பு செருகி, வெடிமருந்து போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா தயார். அவருக்கு முன்னால் துளை போட்ட ஒரு பலகை இருக்கும். மருந்து போடாத கூடு அதில் தலைகீழாக நிற்கும். போட்டது வாயை மேலே காட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் கூடு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அவருக்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான். அந்த வேலையில் அவருக்குப் பெருமையும் இல்லை, வெறுப்பும் இல்லை. சம்பளம் வந்தது, செய்தார்.

ஜப்பான்காரன் வந்தான். கடை மூடியது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேலாயுதம் விறகு சுமந்தார், பிறகு பொங்கோல் பக்கம் மரவள்ளிக் கிழங்கு தோண்டினார். தினமும் அதே கிழங்கு, அதே வயிற்று உப்பல். யாருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை என்று பூரணம் சொன்னார்.

அந்த நிலையில்தான் அவருடைய மைத்துனன் செல்லக்கண்ணு பிடிபட்டான். மனைவி சிவகாமிக்கு உலகத்தில் இருந்த ஒரே உடன்பிறப்பு அவன். வாய் ஓயாதவன். இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று போனான். படம் பாதியில் நின்றது, கதவு மூடியது, உள்ளே இருந்த ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டுமாம். தஞ்சோங் பகாரில் ஒரு கொட்டகையில் அடைத்துவைத்து, ரயில் கிடைத்ததும் அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்தது. போனவர்களில் எவனும் திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

அப்போது தில்லையம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இப்போது ஜப்பானிய மொழி படித்துக்கொண்டு ராணுவ ஆபீஸில் கிராணி. நாற்காலி அதேதான், மேலே மாட்டிய படம்தான் மாறியிருக்கிறது என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். அவருடைய மேலதிகாரிக்கு ஒரு துரையின் வளையத் துப்பாக்கியும் ரிவால்வரும் ஜோடியாகக் கிடைத்திருக்கின்றன. நீ சூன் என்ற இடத்து ரப்பர் தோட்டத்தில் பன்றி சுட அவருக்கு ஆசை. தோட்டாதான் இல்லை. வெறும் கூடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வேலாயுதம் தோட்டா செய்து கொடுத்தால், மைத்துனன் பெயரைச் சயாமுக்குப் போகும் கூட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிப் பார்க்கலாம் என்றார் தில்லையம்பலம்.

மூடிக் கிடந்த கடையின் பின்கட்டு திறந்தது. நல்ல ஈயம் கிடைக்கவில்லை. பழைய தண்ணீர்க்குழாயும், உடைத்தெடுத்த மோட்டார் பேட்டரித் தட்டும், எவனோ கழற்றி வந்த ஜன்னல் ஈயமும்தான். வெறும் ஈயம் மென்மையானது, குழலுக்குள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால்தான் இறுகும். அதற்காகச் சிவகாமி ஒரு பழைய பாத்திரத்தைக் கொடுத்தார். ஒவ்வொரு சட்டியும் ஒவ்வொரு கலவை. ஒரு குண்டின் எடை இன்னொன்றுக்கு இல்லை. பேட்டரிப் புகை நெஞ்சை அடைத்தது. வேலாயுதம் இருமிக்கொண்டே வார்த்தார்.

மருந்தை மட்டும் அதிகாரி நம்பிக் கொடுக்கவில்லை. கூட்டுக்கு ஒரு கரண்டி என்று அளந்து, அந்த அளவை மட்டும் ஒரு டின்னில் போட்டு அனுப்பினார்.

காலையில் வேலாயுதம் கூடு கூடாக நிமிர்த்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான். சிப்பாய் யாராக இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், எழுந்து நின்று இடுப்பு மடங்கக் குனிய வேண்டும். குனியாதவனுக்கு அறை விழும். வேலாயுதம் கையிலிருந்த கூட்டை அவசரமாகப் பலகையில் செருகிவிட்டு எழுந்து குனிந்தார். சிப்பாய் போய்விட்டான். வேலாயுதம் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தலைகீழாக நின்ற கூடுகள் தீர்ந்ததும் எல்லாவற்றிலும் குண்டை அழுத்தி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தனுப்பினார்.

பலகையைத் துடைத்து, டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். கறுப்பாகக் கொட்டியது. சரியாக ஒரு கரண்டி.

மருந்து குறைந்திருந்தால் சிந்திவிட்டது என்று சொல்லலாம். மிஞ்சினால் என்ன சொல்வது? எழுந்து குனிந்த அவசரத்தில் வெறுங்கூட்டை வாய் மேலே பார்க்கச் செருகியிருக்கிறார். மருந்தில்லாத தோட்டா ஒன்று பெட்டிக்குள் போய்விட்டது. விசையை அழுத்தினால் கேப்பு மட்டும் வெடிக்கும். அந்தச் சின்ன வெடி குண்டைத் தள்ளிக் குழலுக்குள் பாதியில் நிறுத்திவிடும். சுடுகிறவன் அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால், வழி அடைபட்ட குழல் அவன் முகத்துக்கு நேரே பிளந்துவிடும்.

வேலாயுதம் தில்லையம்பலத்தைத் தேடிப் போய்ச் சொன்னார். கிராணி குரலைத் தாழ்த்தினார்.

"உமக்கென்ன விசரே? மிச்சத்தைக் கானுக்குள்ள கொட்டிப்போட்டுப் பேசாமல் இரும். நீர் சொல்லுறதை நான்தான் அவருக்குச் சொல்ல வேணும். முதல் அடி என்ர வாயிலதான் விழும்."

வீட்டுக்கு வந்து சிவகாமியிடம் சொன்னார். சாக்கடையில் கொட்டிவிடலாமா என்றுதான் வேலாயுதமும் கேட்டார். ஒருவேளை அந்தத் தோட்டா கடைசியாக வரலாம், ஒருவேளை சுடவே மாட்டார்கள். சிவகாமி கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்தைக் கான்ல கொட்டிடலாம்ங்க. அவன் மூஞ்சில வெடிச்சா என் தம்பிய எந்தக் கான்ல போய்த் தேடுறது?"

மறுநாள் விடிந்ததும் வேலாயுதம் போனார். வேட்டைக்கு வண்டி தயாராக நின்றது. தில்லையம்பலம் வேறு வழியில்லாமல் கூட வந்து, மூன்று வார்த்தைக்கு ஒருமுறை குனிந்து, விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பெட்டியைத் திறந்து வேலாயுதத்தின் முன்னால் வைத்தார். எது என்று எடுத்துக் காட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. வேலாயுதம் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். குண்டுகளே ஆளுக்கொரு எடை, அதில் ஒரு கரண்டி மருந்தின் எடை எங்கே தெரியும்? தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க நாள் முழுக்க ஆகும்.

அதிகாரி பெட்டியை மூடிவிட்டு ஏதோ சொன்னார்.

"உம்மையும் வேட்டைக்கு வரட்டாம். தன்ர தோளோட தோள் ஒட்டி நிக்க வேணுமாம்" என்றார் தில்லையம்பலம்.

"வேற ஏதோ சொன்னாரே?"

"அதைக் கேளாமல் இருக்கிறது உமக்கு நல்லது."

ரப்பர் மரங்களுக்கு நடுவில் வேலாயுதம் அதிகாரியின் வலப்பக்கம் ஒட்டி நின்றார். கையில் குழல் துடைக்கும் பித்தளைக் கம்பி. ஒவ்வொரு முறை விசை அழுந்தும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் போனவையெல்லாம் நன்றாகவே வெடித்தன. ஒரு பன்றி விழுந்தது. அதிகாரி சிரித்தார். வேலாயுதத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் முன்னளவு இல்லை. சீக்கிரம் வந்து தொலைந்தால் போதும் என்று இருந்ததாம்.

லாலான் புல்லைப் பிளந்துகொண்டு பெரியதொன்று நேராக ஓடி வந்தது. அதிகாரி சுட்டார். "டப்" என்றது, ஈர விறகு தெறிப்பதுபோல. வேட்டை வெறியில் அவருக்கு அது காதில் ஏறவில்லை. கை வளையத்தைக் கீழே தள்ளிவிட்டது. அது மேலே ஏறி அடுத்த தோட்டா பூட்டுவதற்குள், வேலாயுதம் தன் விரல்களை நடுவில் கொடுத்தார். வளையம் விரலைக் கடித்து நின்றது. பன்றி அவர்களைத் தாண்டி ஓடிப் புதரில் மறைந்தது.

அதிகாரி துப்பாக்கியை உதறி விடுவித்துக்கொண்டு, "பாகேரோ" என்று கத்தி இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தார். வேலாயுதம் சுருண்டு விழுந்தார். ஒரு காதில் கூவல், மறு காதில் காடு. அப்படியே எழுந்து, துப்பாக்கியைக் கை நீட்டிக் கேட்டார். என்ன நினைத்தாரோ, அதிகாரி கொடுத்தார். பூட்டைத் திறந்து, முனைவழியாகக் கம்பியை விட்டுக் குத்தினார். ஈயக் குண்டு ஒன்று சருகில் விழுந்தது.

அதிகாரி அதைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தில்லையம்பலத்திடம் பேசினார்.

"பெடியனை விடச் சொல்லுறார். ஆனால் இனி எப்ப தோட்டா வேணுமெண்டாலும் நீர்தானாம்."

"அடிச்சதுக்கு?"

"அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்தான். எலும்பும் தோலுமாக, ஆனால் வாய் குறையாமல். சிவகாமி அவனுக்குக் கிழங்கை அவித்து வைத்துவிட்டுக் கணவருடைய காதைத் துடைத்தார். ஜப்பான்காரன் போகும்வரை வேலாயுதம் அந்தப் பின்கட்டில் புகையைக் குடித்துக்கொண்டு வார்த்தார். சிப்பாய் வந்தால் கையிலிருந்த கூட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிவார். பலகையில் வைப்பதில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து கடையைத் திறந்தபோது ஆள் விட்டுக் கூப்பிட்டான். வேலாயுதம் போகவில்லை. பொங்கோல் மீனவர்களின் வலைக்கு ஈயம் வார்த்துப் பிழைத்தார். ஈயம் பழகிய கை, வேறென்ன செய்வது என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

செல்லக்கண்ணு மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். கொட்டகையில் ஜப்பான்காரனிடம் தான் பேசிய பேச்சில்தான் அவன் மனம் இளகித் தன்னை விட்டான் என்பது அவருடைய கதை. கிழவனான பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காள் வீட்டுக்கு வந்து, மச்சானின் இடப்பக்கம் உட்கார்ந்து சாப்பாடு முடியும்வரை பேசுவார். ஒருநாள் பூரணம் பொறுக்க முடியாமல், அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கேட்காதே மாமா என்று சொல்லிவிட்டார்.

"தெரியும்மா. வலது பக்கம் உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுறாரு லா."

வேலாயுதம் எதையும் கேட்காதவராக ரசத்தைக் குடித்துக்கொண்டு, இடையிடையே தலையை ஆட்டினார்.