முப்பது நாள் மூப்பு

பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் நிஜமாகவே சும்மா. காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பேன். மத்தியானம் அப்பா கொண்டுவரும் முந்தின நாள் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படிப்பேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஊரே வாசித்துக் கசக்கிப் போட்ட பேப்பர் அது. எழுபதுகளின் பிற்பாதியில் சங்கரன்கோவிலில் ஒரு பட்டதாரிப் பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே தோன்றவில்லை.

அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு மெட்ராஸிலிருந்து விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். பி.யூ.சி. முடித்தவர்கள் மட்டுமல்ல, பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் போடலாம், அவர்களுக்கென்று கொஞ்சம் இடம் தனியாக உண்டு என்று இருந்தது. பி.யூ.சி. முடித்த வருடம் நானும் போட்டேன். கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்திலேயே ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டுத்தான் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். டாக்டர் என்கிற சொல்லை அதன்பிறகு வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டதாரிகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. கல்லூரியில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அறிவிப்பின் அடியில் வயது வரம்பு போட்டிருந்தது. ஜூலை முதல் தேதியன்று இருபத்திரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு அப்போது இருபத்தொன்று. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருந்த எனக்கு ஜூன் முதல் தேதியோடு இருபத்திரண்டு முடிந்திருந்தது. சரியாக முப்பது நாள் அதிகம்.

இதற்குக் காரணம் அக்கா. அவளை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தனியாகப் போகமாட்டேன் என்று பள்ளிக்கூட வாசல் தூணைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். மறுநாள் அப்பா அவளோடு என்னையும் கூட்டிப்போனார், துணைக்கு. எனக்கு நாலு வயது. ஐந்து முடிந்தால்தான் சேர்ப்பார்கள். அப்பா ஒரு தேதியைச் சொன்னார், தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதிதான் பிறந்திருப்பார்கள். பள்ளிக்கூட ரெக்கார்டுப்படி எனக்கும் அக்காவுக்கும் ஏழே மாதம்தான் வித்தியாசம். ஒரே தகப்பன் பெயர், ஒரே வீட்டு விலாசம், ஏழு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள். எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம், ஒரு வாத்தியாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரிய மனுஷி ஆனதும் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பிறகு ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். துணைக்குப் போனவள் மட்டும் தொடர்ந்து படித்தேன்.

அப்பாவிடம் பேப்பரைக் காட்டினேன். அப்பாவுக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. பதிவு அலுவலகத்துக்கு வெளியே ஒரு சாய்வு மேசையும் மைக்கூடும் போட்டு உட்கார்ந்திருப்பார். நிலத்தின் நாலு எல்லையும் தேதியும் அப்பா எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது என்று பேர். அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜூன் ஒண்ணுதானா போட்டிருக்கு?" என்றார்.

"நீங்கதானப்பா சொன்னிய."

அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மாதான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஊசி போடுத டாக்டரா, சீட்டு எழுதித் தாற டாக்டரா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். அப்படியானால் படிக்கலாம் என்று அவள் உடனே சம்மதம் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அம்மாதான். எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. நடக்காது என்று முதலிலேயே நினைத்துவிட்டால் மனசு மரத்துப்போய்விடுகிறது, அதில் ஒரு வசதி இருக்கிறது.

விண்ணப்பத்தாள் தபாலில் வந்தது. மார்க் பட்டியல்களின் நகலில் கெசட்டட் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் முகம் சுளிக்காமல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான். மூன்று பசுவுக்கும் கால் நொண்டிய ஒரு வண்டிமாட்டுக்கும் பின்னால் வரிசையில் நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தாள்களைப் புரட்டினார். "மெடிக்கலுக்கா? போடு, போடு" என்றார். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார். "வயசு இடிக்கே, பிள்ள" என்றார். தெரியும் என்றேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

நான் பிறந்தது வாசுதேவநல்லூரில், அம்மா பிறந்த வீட்டில். பிறப்புப் பதிவேட்டில் சரியான தேதி இருக்கும் என்று நானும் அப்பாவும் புளியங்குடி வழியாக பஸ்ஸில் போனோம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அப்பாவுக்குத் தெரிந்தவர். பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். பங்குனி மாதம் நான் இருந்தேன். தகப்பன் பெயர் இருந்தது, தாய் பெயர் இருந்தது. பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'பெண்' என்று மட்டும் இருந்தது.

"பேரு இல்லையே அண்ணாச்சி" என்றார் எழுத்தர். "அப்பம்லாம் பொறந்த ஒடனே எழுதுததுதான. பேரு வச்ச பொறவு வந்து யாரு சொல்லுதா?"

"இவதான் அது. பங்குனியில பொறந்த வேற எந்தப் பிள்ள எனக்கு இருக்கு?"

"எனக்குத் தெரியும். மெட்ராஸ்காரனுக்குத் தெரியணும்லா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வழி சொன்னார். பதிவேட்டின் நகல் ஒன்று தருவார். அதோடு, இந்தப் பெண் குழந்தை இன்னார்தான் என்றும் பள்ளிக்கூடத்தில் தேதி எப்படித் தப்பாகப் போனது என்றும் பெற்றவர்களில் ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தோடு வைத்தால் பார்ப்பார்கள். போன வருடம் யாருக்கோ அப்படி எடுத்துக்கொண்டார்களாம். முறைப்படி கோர்ட்டுக்குப் போய்த் தேதியைத் திருத்தலாம், ஆனால் அது முடிவதற்குள் நிஜ வயதும் தாண்டிவிடும்.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று சாயங்காலமே அப்பா எழுத உட்கார்ந்தார். எழுதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் முதல் தாளைக் கிழித்தார், இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவது தாளை எழுதி முடித்து மை காய்வதற்காக வைத்தபோது நான் எடுத்துப் படித்தேன்.

பிரமாணம் செய்வது அப்பா அல்ல, அம்மா. 'எனது இளைய மகளைப் பள்ளியில் சேர்க்கும் சமயம், எழுத்தறிவற்ற நான் எனது அறியாமையால் அவளது பிறந்த தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. கடைசியில் அப்பா எந்தப் பத்திரத்திலும் விடாமல் எழுதும் வரி. 'மேற்கண்ட வாசகம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு, கைரேகை வைத்தேன்.'

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என் கையெழுத்து ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அத்தன பேருக்கும் தெரியும், மக்கா" என்றார். "பொய்த்தேதி குடுத்தேன்னு நானே எழுதிக் குடுத்தா நாளைக்கு லைசென்ஸ் நிக்குமா? அவ சொன்னான்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தெரியாதவ சொன்னதுதானன்னு விட்டுருவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த லைசென்ஸில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அம்மா அந்தப் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதை அப்போது சொல்லியிருக்கலாம். "இத டைப் அடிக்கணுமாப்பா, கையால எழுதினாலே போதுமா?" என்றுதான் கேட்டேன். போதும் என்றார்.

மறுநாள் காலையில் அம்மா தலைவாரி, கல்யாணத்துக்குப் போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள். வக்கீல் வீட்டு முன்னறையில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. வக்கீல் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "வாசிச்சுக் காட்டியாச்சா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். வக்கீல் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அப்பா அம்மாவின் பெருவிரலைப் பிடித்து மை அட்டையில் உருட்டித் தாளில் அழுத்தினார். ஊரில் எத்தனையோ பேருடைய விரலை அப்படிப் பிடித்து வைத்தவர். ரேகை ஒன்றுகூட அழியாமல் விழுந்தது. வரும் வழியில் அம்மா விரலைச் சேலையில் துடைக்காமல் தனியாக நீட்டிக்கொண்டே நடந்தாள். நல்ல சேலை பாழாகிவிடுமாம்.

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். பதில் வருவதற்கு ஆன மூன்று வாரமும் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் நடையில் எனக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது.

நான் அனுப்பிய எல்லாத் தாள்களும் ஒரே கவரில் திரும்பி வந்தன. மேலே ஒரு அச்சடித்த சீட்டு. நிராகரிப்புக்கான காரணங்கள் வரிசையாக அதில் இருந்தன. 'வயது வரம்பு மீறியது' என்பதற்கு நேராக ஒரு டிக். 'பள்ளி இறுதிச் சான்றிதழில் உள்ள தேதி மட்டுமே ஏற்கப்படும்' என்று கீழே ஒரு வரி. பிறப்புப் பதிவேட்டு நகலையும் பிரமாணப் பத்திரத்தையும் யாரும் பிரித்த மாதிரிகூடத் தெரியவில்லை. நான் மடித்த மடிப்பிலேயே இருந்தன. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்னட்டி வந்திருக்கு?" என்றாள். கிடைக்கவில்லை என்றேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். ஒரு தாளில் நிறுத்தினாள்.

"இது என் கைநாட்டுல்லா? என்ன எழுதியிருக்கு, வாசி."

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதற்கும் தெம்பில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். அம்மா கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் எப்பட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்? ஒங்க ரெண்டு பேரையும் அப்பால்லா கூட்டிட்டுப் போனாரு."

நான் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன்.

"ஆனா அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "நாந்தான் மறந்திருப்பேன். போகும்போது எதையாவது சொல்லி விட்டிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்பம் என்னாலதான் ஒனக்குக் கெடைக்காமப் போச்சா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் யாரால் என்று கேட்பாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது, வக்கீல் முன்னால் நானும்தானே தலையாட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை உருவினேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

தை மாதம் என்னைப் பெண் பார்க்க கடையநல்லூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். அப்பா ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் பங்குனியில் பிறந்த சரியான தேதி இருந்தது. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வயது பொருத்தம்தான் என்றார்கள். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு மரியாதைக்கு, "இவ்வளவு படிக்க வச்சிருக்கீங்களே, மேல படிக்க வைக்கலியா?" என்று கேட்டார்.

அம்மா நிலைப்படியில் நின்றபடி, யாரும் ஏன் என்று கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டும் என்கிற அவசரத்தோடு சொன்னாள். "டாக்டருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை மதினி. அவுக அப்பா எவ்வளவோ பாடுபட்டாக. இந்த அறிவுகெட்டவ நாந்தான் பள்ளிக்கூடத்துல தேதியத் தப்பாச் சொல்லிக் கெடுத்துப்போட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்பா குனிந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.