ஒருமுறை மட்டும் கேட்கிற ஊர்

மொன்றியலின் லாசால் பகுதியில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு டெப்பனர் இருக்கிறது. பால், பாண், பியர், லொத்தர்ச் சீட்டு எல்லாம் விற்கும் மூலைக்கடை. நான் மொன்றியலுக்கு வந்த முதலாவது பனிக்காலத்தில் அங்கே பால் வாங்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பி என்னிடம் பேசத் தொடங்கினார். முழங்கால் வலிக்கிறது, சத்திரசிகிச்சைக்கு நாள் தராமல் இழுத்தடிக்கிறார்கள், சுகாதார அமைச்சர் எதற்கும் லாயக்கில்லாதவர் என்றார். அமைச்சரை, வேலைக்குப் போகாத மருமகனைத் திட்டுவதுபோலத் திட்டினார். அப்போது எனக்கிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் பாதிதான் விளங்கியது. முன்பின் தெரியாத என்னிடம் இவ்வளவையும் சொல்கிறார் என்றால் உதவிதான் கேட்கிறார் என்று நினைத்தேன். கடைக்கு வெளியே பின்னாலேயே போய் அவருடைய பையைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் திடுக்கிட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "நோன், நோன்" என்றபடி விரைந்து நடந்தார். முழங்கால் வலியோடு அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

இந்த ஊரில் குறை சொல்வது காலநிலையைப் பற்றிப் பேசுவது போன்றது என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. குறை சொல்கிறவர் உங்களிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லிவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போய்விடுவார்.

மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், நாங்கள் வேறுமாதிரி வளர்ந்தோம். கேட்காமல் குறை சொல்வது மானக்கேடு. கேட்டாலும் முதல் தடவையில் சொல்லக்கூடாது. ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால் கையைக் கழுவுவோம். பட்டினியோடு போனாலும் இதுதான் முறை. வீட்டுக்காரருக்கும் அது தெரியும், மூன்று தடவை கேட்பார்.

அதிகாரிகளிடமும் அப்படித்தான். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் நாங்கள் தங்கியிருந்தபோது உதவி அரசாங்க அதிபர் ஒருநாள் பார்க்க வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். கூரையின் ஒரு பக்கம் இல்லை, கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாது, எனக்குக் காய்ச்சல். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஐயாட புண்ணியத்தில ஒரு குறையுமில்ல" என்றார். அவர் போகவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றார் அம்மா. சொல்லுங்க அம்மா என்று மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகு அம்மா கூரையில் தொடங்கிக் கிணறு வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். அந்த மனிதர் எங்கள் பக்கத்து ஆள். எத்தனை தடவை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்து நின்று படித்தவள் நான் ஒருத்திதான். அம்மா கைநாட்டு. அண்ணா ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வயலுக்குப் போனவர், பிறகு அகதியாக இங்கே வந்து டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் நின்று எங்களைக் கூப்பிட்டவர். வந்ததும் அவர் என்னை வேலைக்கு அனுப்பவில்லை, பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பினார். படித்து முடித்து, லாசாலில் புதிதாக வந்தவர்களுக்கான ஒரு சமூக நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். பெருமைப்படாமல் எழுத வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மனோன்மணி அக்காவை அந்த நிலையத்தில்தான் சந்தித்தேன். எங்கள் பக்கத்து ஊர்க்காரி. கணவர் இல்லை, அனுஷா என்று நான்கு வயதில் ஒரு மகள். முதலில் வெல்ஃபெயர் என்கிற அரசாங்க உதவிப்பணத்தில் இருந்தார். பிறகு, லாசாலில் உறைந்த உணவு பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். கார்டெரி என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகங்கள் ஏழு மணிக்குத்தான் திறக்கும். எங்கள் நிலையத்துக்குப் பக்கத்துக் கார்டெரி மட்டும் ஒரு பரிசோதனைத் திட்டத்தின் கீழ் ஐந்தரைக்கே கதவைத் திறந்தது. நித்திரையில் இருக்கும் அனுஷாவைப் பனியுடுப்போடு தூக்கிக்கொண்டு வந்து அங்கே படுக்க வைத்துவிட்டு அக்கா வேலைக்குப் போவார். அந்தக் கதவு திறந்தால் வேலை, திறக்காவிட்டால் மறுபடியும் வெல்ஃபெயர்.

அந்த வருடம் வெல்ஃபெயர்ச் சட்டத்தை மாற்றப் போகிறோம் என்று கியூபெக் அரசாங்கம் அறிவித்தது. வேலை செய்யக்கூடியவர்கள் வேலைக்குப் போகவேண்டும், காரணமில்லாமல் வேலையை விட்டால் உதவியைக் குறைப்போம் என்றது. அதோடு பொதுச் சேவைச் செலவுகளையும் மீளாய்வு செய்வோம் என்றது. பரிசோதனைத் திட்டங்கள் அந்த மீளாய்வில் முதலில் அகப்பட்டன. எங்கள் கார்டெரி அதிகாலையில் திறப்பதற்குக் கிடைத்த பணம் நிற்கப்போகிறது என்று செய்தி வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கியூபெக் ஒரு மாகாணம். ஆனால் அதன் சட்டமன்றத்தின் பெயர் அசாம்ப்ளே நாசியோனால், தேசிய சட்டமன்றம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கார்டெரி, வெல்ஃபெயர் எல்லாம் அதன் கையில். எங்கள் நாட்டில் மாகாண சபை என்றால் ஒரு கட்டடம், ஒரு பெயர்ப்பலகை, சில வாகனங்கள். அதற்குமேல் கொஞ்சம் அதிகாரம் கேட்டதற்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதிகாரம் கையில் இருக்கும் மாகாணம் என்ன செய்யும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்தேன். ஒட்டாவா போதிய பணம் தருவதில்லை என்று மத்திய அரசாங்கத்தைக் குறை சொன்னது. டெப்பனரில் கண்ட பெண்மணியின் குரலிலேயே சொன்னது.

சட்டமூலத்தைப் பற்றிப் பொதுமக்கள் வந்து பேசலாம் என்று சட்டமன்றக் குழு அழைத்திருந்தது. எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் மொனிக், மனோன்மணி அக்காவைக் கூட்டிப்போக முடிவெடுத்தார். ஒத்திகை பார்த்தோம். மொனிக் ஒரு கேள்வி கேட்டார், அக்கா அருவி மாதிரிக் கொட்டினார். பஸ், பனி, பிள்ளையின் இருமல், தொழிற்சாலையில் விறைத்த விரல்கள். "பார்ஃபே" என்று மொனிக் கைதட்டினார். மொனிக் எங்களோடு தேநீர் குடிக்கிற ஆள் என்பதும், அதனால்தான் அக்கா அப்படிப் பேசினார் என்பதும் அப்போது எனக்கே தோன்றவில்லை.

சட்டமன்றம் இருக்கும் கியூபெக் நகரத்துக்குப் போகும் பஸ்ஸடிக்கு அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். காலில் பனிச்சப்பாத்து, மேலே குளிர்க்கோட்டு, கழுத்தில் தங்கச் சங்கிலி. சங்கிலி என் அம்மாவுடையது, முதல்நாள் வந்து இரவல் வாங்கிப் போயிருந்தார். மொனிக் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, வேலைக்குப் போகும் உடுப்போடு வந்திருந்தால் நல்லதல்லவா என்று மெதுவாகக் கேட்டார். அதை நான் அக்காவிடம் சொன்னேன்.

"பெரிய சபைக்குப் பிச்சைக்காரி மாதிரியா போற?" என்றார் அக்கா. "கஷ்டத்தச் சொல்லத்தானே போறம் புள்ள, அதக் கட்டிட்டா போகணும்?"

மொனிக்குக்கு அதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வது என்று யோசித்துவிட்டு, இது எங்கள் வழக்கம் என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை நடந்த மண்டபம் சிவப்பு நிறத்தில் இருந்தது. உயரமான கூரை, தொங்கும் விளக்குகள். குழுத் தலைவர் வெள்ளைத் தலைமயிரோடு கனிவான முகம் கொண்ட மனிதர். எங்களுக்குக் குறித்த நேரம்தான் உண்டு என்றார். பிறகு என்னைப் பார்த்து, இந்த அம்மா சொல்வது எல்லாவற்றையும் மொழிபெயருங்கள், ஒன்றையும் சேர்க்காதீர்கள், ஒன்றையும் விடாதீர்கள் என்றார். தலையாட்டினேன். ஒலிவாங்கி என் வாய்க்கு முன்னால் இருந்தது. படுவான்கரையில் கைநாட்டு வைத்த வீட்டுப் பிள்ளையின் குரல் அந்த மண்டபத்தில் ஒலிக்கப் போகிறது என்று எனக்குள்ளே ஒரு நிமிர்வு.

மொனிக் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்து முடித்தார். தலைவர் அக்காவைப் பார்த்துச் சிரித்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்லி, உங்கள் நிலைமை எப்படி இருக்கிறது அம்மா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

அக்கா எழுந்து நின்றார். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்தக் கை அசைவைக் கண்டதுமே என்ன வரப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"உங்கட புண்ணியத்தில ஒரு குறையுமில்ல ஐயா. அரசாங்கம் எங்கள நல்லாப் பாத்துக்கொள்ளுது."

மொனிக் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது: சொன்னதை அப்படியே சொல்லலாம், அல்லது ஒத்திகையில் கேட்டதை நானே சேர்த்துச் சொல்லலாம். ஆனால் ஒன்றையும் சேர்க்காதே என்று சொன்னதற்குத் தலையாட்டியவள் நான். அக்கா சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். மொனிக்கின் பேனா மேசையில் விழுந்தது. அரசாங்கக் கட்சி உறுப்பினர் ஒருவர் முன்னால் சாய்ந்து, அம்மா திருப்தியாக இருப்பதைக் கேட்க மகிழ்ச்சி, இது பதிவாகட்டும் என்றார். தலைவர் "மெர்சி, மதாம்" என்று அடுத்த தாளைப் புரட்டினார்.

அக்கா இன்னும் உட்காரவில்லை. தலைவரைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன புள்ள, அவ்வளவுதானா? இன்னொருக்கா கேக்க மாட்டாங்களா?"

அது எனக்குச் சொன்னது. ஆனால் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்றையும் விடாதே என்றும் சொல்லியிருந்தார்கள். ஒலிவாங்கியில் சொன்னேன்: "இந்த அம்மா கேட்கிறார், அவ்வளவுதானா, என்னை இன்னொரு தடவை கேட்க மாட்டீர்களா என்று."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டாயம் கேட்கிறேன் அம்மா, ஏதாவது சிரமம் இருக்கிறதா என்றார்.

"பெரிசா ஒண்டுமில்ல ஐயா. சின்னச் சின்னக் கஷ்டம்தான்."

அதையும் சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை கேளுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அக்கா அதைச் சொல்லவில்லை, நான் சொல்லக்கூடாது. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்க்கட்சி வரிசையில் ஒரு பெண் உறுப்பினர், அந்தச் சின்னக் கஷ்டங்கள் எவை என்று சாதாரணமாகக் கேட்டார். முறை தெரிந்து கேட்டாரா தெரியாமல் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை.

அக்கா உட்கார்ந்தார், கைகளை மேசையில் வைத்தார். பிறகு எல்லாம் வந்தது. பஸ், பனி, இருமல், விரல்கள். என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, இடையில் கை காட்டி நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியாகச் சொன்னது இது:

"வேலைக்குப் போ எண்டும் அரசாங்கம் சொல்லுது. பிள்ளைய விடுற கதவப் பூட்டப்போறம் எண்டும் அதே அரசாங்கம் சொல்லுது. நான் எதக் கேட்டு நடக்கிற, நீங்களே சொல்லுங்க ஐயா."

நேரம் முடிந்துவிட்டது என்றார் தலைவர், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

திரும்பிவரும் பஸ்ஸில் மொனிக், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "கேட்ட உடன சொன்னா, அதுக்குத்தான் அலைஞ்சு வந்தவள் எண்டு நினைப்பாங்க" என்றார் அக்கா. அதுக்குத்தானே அலைந்து வந்தோம் என்றேன். "அது எனக்கும் உனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கழற்றி என் கையில் தந்து, அம்மாவிடம் பத்திரமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சட்டம் நிறைவேறியது. பெரும்பான்மை அவர்களிடம் இருந்தது. ஆனால் எங்கள் கார்டெரியின் அதிகாலைக் கதவை மூடவில்லை. அக்காவின் பேச்சினால்தான் என்கிறார் மொனிக். ஒட்டாவாவிலிருந்து பணம் வந்ததால்தான் என்றார் ஒரு அதிகாரி. எனக்குத் தெரியாது. கதவு இன்னும் ஐந்தரைக்குத் திறக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி வருகிறவர்களை ஒத்திகைக்குக் கூப்பிடும்போது, இங்கே ஒருமுறைதான் கேட்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் வேலையிடத்தில் யாராவது கோப்பி வேண்டுமா என்றால் உடனே ஓம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

போன ஞாயிறு மனோன்மணி அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் சமையலறையில் நிற்க, அனுஷா ஒரு தட்டில் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, வேணுமா என்று கேட்டாள். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் அது அக்காவின் வீடு. என் வாய் தானாக வேண்டாம் என்றது. கார்டெரியில் வளர்ந்த பிள்ளை தலையாட்டிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, நான் சாப்பிடட்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஒருமுறைதான் கேட்டாள். நானும் அதே முறையில் உடனே "வி" என்றேன்.

அக்கா இரண்டாவது தடவை கேட்பதற்காகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருந்ததா புள்ள?"

"ஓம் அக்கா" என்றேன். "ஒரு குறையுமில்ல."