டாக்டர் ரஜிதாவின் பதினாலு நாள்

செர்ப்புளச்சேரியில் ஒரு தனியார் ஆயுர்வேத ஆஸ்பத்திரி. அங்கே பதினைந்து வருஷமாக டாக்டர் ரஜிதா சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த வார்த்தை நல்லரிக்கை. எண்ணெய்ச் சிகிச்சை எத்தனை நாளோ, முடிந்தபின் அத்தனை நாள் அடங்கிக் கிடக்க வேண்டும். பஸ் கூடாது, மழைக்காற்று கூடாது, கோபப்படக்கூடக் கூடாது. முறித்தால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். துபாய்க்குத் திரும்பத் துடிக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நின்று நின்றே அவள் இடுப்பு போய்விட்டது. அங்கே எண்ணெய் தேய்த்து உழிச்சில் பண்ணும் தங்கமணிச்சேச்சி விடாப்பிடியாக நிற்க, இந்தக் கர்க்கடக மழை மாதத்தில் அவளே பதினாலு நாள் எண்ணெயில் படுத்தாள். நல்லரிக்கையின் நாலாம் நாள், மழையில் ஊறி ஒரு கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. அரசு டிஸ்பென்சரி டாக்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு, மறுநாள் செவ்வாய்க்கிழமை, பாலக்காட்டில். வயது வரம்பு நாற்பது. ஓணம் கழிந்தால் அவளுக்கு நாற்பத்தொன்று. இனி இன்னொரு கடிதம் வராது.

"போகாதீங்க டாக்டரே. நீங்களே முறிச்சா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பத்தியம் சொல்றது?" என்றாள் தங்கமணிச்சேச்சி.

"இத விட்டா எனக்கு வேற பஸ் இல்ல சேச்சி."

காதில் பஞ்சும், நீர் கோக்காமலிருக்க உச்சியில் தேய்த்த ராஸ்னாதிப் பொடியுமாகப் போனாள். பஸ்ஸின் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, வழியெல்லாம் சாரல்.

தேர்வுக் குழுவின் நடுவில் இருந்த நரைத்த டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "ராஸ்னாதி வாசனை வருதே. நல்லரிக்கையா? எத்தனாம் நாள்?"

"அஞ்சாம் நாள் சார்."

"அஞ்சாம் நாள் பஸ் ஏறி வந்த நோயாளிய நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவளுக்கு அலுப்பாக இருந்தது. "நல்லாத் திட்டுவேன் சார். அப்புறம், பாவம், வேற வழி இருந்திருக்காதுன்னு நினைச்சுக்குவேன்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டு, "வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார்.

புதனன்று ஒன்று என்று மறுபடி எண்ணத் தொடங்கினாள். குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாமல் இடுப்பு பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. வேலை அவளுக்குத்தான். அட்டப்பாடி மலையில் டிஸ்பென்சரி. இரண்டு பஸ், ஒரு ஜீப். நாளைக் காலையே சேர வேண்டும்.

"பத்துப் பதினோரு நாள் தவணை கேட்டுப் பாரேன்" என்றார் கணவர் விஜயேட்டன், கஞ்சியை ஆற்றியபடி.

"கேட்டாச்சு ஏட்டா. அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்களாம்."

பதினைந்து வருஷம் காத்திருந்த செய்தி. சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. விஜயேட்டன் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

விஷயம் தெரியாத தங்கமணிச்சேச்சி சாயங்காலம் போனில் கூப்பிட்டாள். "இன்னிக்கு எத்தனாம் நாள் டாக்டரே?"

"மூணு சேச்சி. நாளையிலிருந்து அடுத்தவங்களுக்குத்தான் எண்ணணும்."