அவுட்டரின் கீழ்க் கை

மாட்டுவண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றதுமே அவுட்டர் சிக்னலைத்தான் பார்த்தேன். இரண்டு கைகளும் இறங்கியிருந்தன.

எங்கள் கடலைக் கொல்லை அந்தக் கம்பத்தை ஒட்டித்தான் இருந்தது. மேல் கை மட்டும் இறங்கினால் ரயில் ஸ்டேஷனில் நிற்கும். அதற்குக் கீழே, நுனி மீன்வால் போலப் பிளந்த இன்னொரு கை உண்டு. அதுவும் இறங்கிவிட்டால் ரயில் நிற்காது. எக்ஸ்பிரஸுக்கு எப்போதும் இரண்டும் இறங்கும்.

வண்டிக்குள் என் மனைவி கிடந்தாள். முந்தின நாள் பிடித்த வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பாசஞ்சர் சாயங்காலம்தான் வரும். அதுவரை தாங்காது.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறை வாசலில் போய் நின்றேன். புதியவர்களிடம் எனக்குப் பேச்சு எழும்பாது. கூட வந்திருந்த மாமியார் என்னை விலக்கிவிட்டு உள்ளே போய் விவரம் சொன்னார். மாஸ்டர் வெளியே வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நானா நிப்பாட்ட முடியாதும்மா. கன்ட்ரோல்ல கேக்கணும்."

உள்ளே போய்ப் போனை எடுத்தார். வடக்கே புகை தெரிந்தது.

"ரெண்டும் எறங்கிருச்சே மாப்புள்ள. நம்மளுக்குத்தானே?" என்றார் மாமியார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மனைவி கண்ணைத் திறந்தாள். "நிக்குமாங்க?"

"நிக்கும்."

பிரசவக் கேஸ் என்று மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். புகை கருவேலங்காட்டைத் தாண்டியது. திடீரென்று அவர் ஓடிவந்து பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டார். லீவர் திரும்பியது. தண்டவாளத்தோரக் கம்பி துவண்டது. மீன்வால் கை எழுந்து நேராக நின்றது.

டிரைவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. எஞ்சின் அதே வேகத்தில் வருவதுபோல்தான் இருந்தது. பிறகு நீளமாக ஒரு விசில். சக்கரங்கள் கிறீச்சிட்டன.

கார்டு முணுமுணுத்துக்கொண்டேதான் அவளைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

ஆபரேஷன் செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள். சில நாள் கழித்து, எழுந்து உட்கார முடிந்தபோது அவள் கேட்டாள்:

"ஏங்க, வால் கையும் எறங்கித்தானே கெடந்துச்சு?"

அந்தக் கம்பத்தடியில் என்னோடு களை பறித்தவள் அவள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நிக்கும்னு சொன்னீங்க. சரின்னு கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள்.