அப்புறம் விதைத்த மூலை

என் தம்பி வயலில் ஒரே ஒரு மக்காச்சோளக் கதிரை உரித்தால் ஊருக்கே விருந்து வைக்கலாம். சரி, ஊருக்கு வேண்டாம், ஒரு தெருவுக்கு. அதுவும் பாதித் தெரு பட்டினி கிடக்கச் சம்மதித்தால்.

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எதைக் கேட்டாலும் "அப்புறம்" என்பான். அதுவே பெயராக நின்றுவிட்டது. கூரை ஒழுகினால் அப்புறம், பல் வலித்தால் அப்புறம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு மட்டும் "இப்பவே" என்றான்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. விளைச்சல் கைவிட்டால் லாரி ஓட்டத் தூரதேசம் போவதென்று தம்பி முடிவு செய்திருந்தான். போனால் சட்டென்று திரும்ப முடியாத வேலை. அவன் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

வறட்சி மக்காச்சோளத்தைப் பூக்கிற நேரத்தில்தான் பலமாக அடிக்கும். உச்சியில் ஆண் பூ வேளை தவறாமல் வந்து மகரந்தத்தைக் கொட்டிவிடும். இடுப்பிலிருக்கும் கதிரோ தண்ணீரில்லாமல் பட்டு இழையை வெளியே நீட்டத் தாமதிக்கும். ஓர் இழைக்கு ஒரு சோள மணி. மகரந்தம் படாவிட்டால் அந்த மணி பிறப்பதேயில்லை. மாப்பிள்ளை காத்திருந்து கிளம்பிப் போன பிறகு, பெண் தலை சீவி முடித்து வந்து நின்ற கதை.

அப்படித்தான் ஆயிற்று. இழை வந்தபோது உச்சிப் பூ வெறும் துடைப்பம். தம்பி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவிதான் கிணற்றோர மூலையைக் காட்டினாள். விதைக்கும்போது "அப்புறம்" என்று விட்டுவைத்து, மற்றதெல்லாம் முளைத்த பிறகு விதைத்த மூலை அது. அதற்காக அன்று அவள் திட்டாத திட்டில்லை. இப்போது அங்கே மட்டும் மகரந்தம் உதிர்ந்துகொண்டிருந்தது.

"உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு. எழுந்திரிங்க" என்றாள்.

தினமும் வெயில் ஏறுமுன் பூவைப் பழைய காகிதத்தில் உலுக்கி, கதிர் கதிராக இழைமேல் தூவினார்கள். இருவரும் தலையெல்லாம் மஞ்சளாக வீடு திரும்புவார்கள். நானும் உதவப் போனேன். என் தும்மலில் பாதி மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. கதிர்கள் அடி முதல் நுனி வரை மணி பிடித்தன, அதனால்தான் தம்பி போகவில்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இதை வாசித்துக் காட்டியபோது தம்பி மனைவி பக்கத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

"எங்க பிடிச்சுது அண்ணி? பாதிக் கதிர் பொக்கை. உங்க தம்பி பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நின்னாரு. போகாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."