ஜெராக்ஸ் எடுத்து வரும் நேரம்

“ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எட்துகினு வா நைனா. முன்னாடியும் பின்னாடியும் வரணும். எதிர்ல கீற கடை வாணாம், அந்தாளு மிசினு சரியில்ல. தேரடி பக்கம் போ.”

எதிர்க்கடை மிஷினுக்கு ஒரு கோளாறும் கிடையாது. சுகாதார நிலையத்து நர்ஸ் பிலோமி தன் ரேஷன் கார்டுக்கே அங்கேதான் நகல் எடுப்பாள். ஆனால் தேரடிக்குப் போய், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டித் திரும்புவதற்கு எப்படியும் கால் மணி நேரம் ஆகும். கர்ப்பத்தைப் பதிவு செய்யப் பெண்டாட்டியோடு வரும் புருஷன்களை அவள் அங்கே துரத்துவது அதற்காகத்தான். மாமியார் கூட வந்தால் வழி வேறு; பிரஷர் பார்க்கிற வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள். இலவசமாகப் பிரஷர் பார்ப்பதை எந்த மாமியாரும் இதுவரை வேண்டாமென்று சொன்னதில்லை.

அறைக் கதவைச் சாத்தியதும் எதிரே இருப்பவளிடம் ஒரே ஒரு கேள்வி. “இது உனுக்கு வேணுமா?”

பெரும்பாலும் பதில் சிரிப்புதான். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நல்ல நாளும் அதுவுமாக நர்ஸம்மா இப்படியா கேட்பது என்று ஒருத்தி மேலிடம் வரை போய்ப் புகார் செய்துவிட்டாள். இருபதில் ஒருத்தி மட்டும் மேஜையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் மற்ற பத்தொன்பது பேரிடமும் பிலோமி வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

பிலோமிக்கு ஐம்பத்து நான்கு வயது. ராயபுரத்துக்காரி. திருவொற்றியூர் சந்துகளில் இருபத்தேழு வருடமாக நர்ஸ் வேலை. ஹவுசிங் போர்டு மாடிப்படிகளை ஏறி இறங்கியே இரண்டு முட்டியும் போயிற்று. காலையில் தைலம் தடவிக்கொண்டு வருவாள். மத்தியானம் மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து காற்று திரும்பும்போது அந்த நாற்றத்தில் தைல வாசனையும் காணாமல் போய்விடும். மேஜையை அரை மணிக்கொரு முறை துடைப்பாள், துணி ஒவ்வொரு முறையும் கறுப்பாகவே வரும். மேஜை மேல் பிரஷர் கருவி, பேனா, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ஒரு ஊதா ஸ்டாம்ப் பேடு. அதன் மூடி காணாமல் போய் இரண்டு வருடமாகிறது.

இந்தக் கேள்வியை அவள் முதலிலிருந்தே கேட்டவள் அல்ல. நான்கு வருடத்துக்கு முன்பு நர்மதா தனியாக வந்தாள். புருஷன் டேங்கர் லாரி ஓட்டுகிறவன், ஏற்கெனவே இரண்டு பெண்கள். பரிசோதனையில் உறுதியானதும், “ஒரு வாரம் டைம் குட்க்கா, ரோசனை பண்ணிட்டு வரேன்” என்று கெஞ்சிவிட்டுப் போனாள். அன்று மாதக் கடைசி. பதிவு குறைந்தால் மேலிருந்து போன் வரும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பிலோமி அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். குடும்பத்தின் போன் நம்பர் என்று பழைய பதிவில் இருந்தது புருஷனுடையது. மணலியில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தவனுக்கு வாழ்த்துச் செய்தி போய்விட்டது. அவன் கெட்டவன் இல்லை. அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனான். அத்தனை பேர் சந்தோஷப்பட்ட பிறகு நர்மதா யாரிடம் என்ன பேச முடியும்?

மூன்றாவதும் பெண். துறுதுறுவென்று இருக்கும். தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் பிலோமியின் பேனாவைப் பிடுங்கும். பிறந்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் நர்மதா தானாகவே சொன்னாள். “புள்ள மேல எனுக்கு இன்னாக்கா கோவம். அது எங்கூட்டு ராஜாத்தி. என்னிய யாரும் கேக்கல. அத்தான்.”

அன்றைக்கு பிலோமி சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து தேரடி ஜெராக்ஸ் தொடங்கியது.

அவள் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். கருவில் இருப்பதும் கடவுள் கொடுத்ததுதான் என்பதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அன்பியம் என்கிற தெருக் கிறிஸ்தவர்கள் கூட்டத்தில் வீட்டுக்கு வீடு ஜெபமாலை சொல்லப் போகும்போது, துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற டென்னிஸ் பிறவாத குழந்தைகளுக்காக ஒரு வேண்டுதல் வைப்பார். வைத்துவிட்டு அவள் பக்கம் பார்ப்பார். ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டே விட்டார். “நீ இட்டுகினு போய் கலைக்க வுடறியாமே?”

“நா யாரையும் எங்கியும் இட்டுகினு போல. கேக்கறேன். அவ்ளோதான்.”

“அத்த ஏன் கேக்கற?”

அடுத்த மாதம் ஜெபம் அவள் வீட்டில் என்றிருந்தது, யாரும் சொல்லாமலே வேறு வீட்டுக்கு மாறிவிட்டது. வாங்கி வைத்த பிஸ்கட்டை வாரம் முழுக்க இவளே தின்று தீர்த்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியார் கேட்டார்: கலைக்கச் சொன்னாயா? இல்ல சாமி. வைத்துக்கொள்ளச் சொன்னாயா? அதுவும் சொல்லல சாமி. பிறகு என்ன பாவம் என்று அவருக்கும் பிடிபடவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவுக்கோ இதில் குழப்பமே கிடையாது. அது அந்தப் பெண்ணின் உரிமை, சட்டப்படி அவள் கையெழுத்து ஒன்றே போதும் என்பார். பிலோமிக்கும் சட்டம் தெரியும். கலைக்கப் போகிற இடத்தில் ‘புருஷன் வரலையா?’ என்று மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்கையில் ஒருத்தி தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். “அந்த டென்னிஸும் ஈஸின்றாரு, டாக்டரம்மாவும் ஈஸின்றாங்க. எனுக்குத்தான் ஒண்ணும் ஈஸியா இல்ல” என்று முட்டியை நீவிக்கொள்வாள்.

போன மாதக் கடைசி நாள். மளிகைக் கடை வைத்திருக்கும் மாசானம், மனைவி சிவந்தியோடு வந்தான். சிவந்தியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. முதல் பிரசவம் ஆபரேஷன். மாசானத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதிவு நம்பர் கிடைத்ததும் ஊரில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமாம். வழக்கம்போல தேரடிக்கு அனுப்பிவிட்டு பிலோமி கேள்வியைக் கேட்டாள்.

சிவந்தி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியலக்கா. தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கி. இவனும் பால் மறக்கல. இவுககிட்ட எப்படிச் சொல்லன்னும் தெரியல.”

“ஏழு வாரம்தான் ஆவுது. ரோசிக்க டைம் கீது. எத்தினி நாளு வேணும்?”

“ஒரு வாரம்.”

ஒரு வாரம் என்ற சொல் பிலோமியை எங்கோ குத்தியது. நம்பர் விழுந்துவிட்டால் வாரமாவது ஒன்றாவது. செய்தி போகும், அம்மாவுக்குப் போன் போகும், அப்புறம் சிவந்தி வாயைத் திறந்தால் ஊரே ஏன் என்று கேட்கும். திங்கட்கிழமை தனியாக வா, வேண்டுமானால் அவரையும் கூப்பிட்டு நானே பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“பக்கத்துத் தெருவுலயே புதுக்கடை திறந்திருக்கான்லா. தேரடி வரைக்கும் எதுக்கு அலையணும்?” என்று சிரித்தபடி மாசானம் இரண்டு தாளையும் நீட்டினான். முன்னும் பின்னும், ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று இருந்தது. “இன்னைக்கே நம்பர் போட்டுருங்கம்மா.”

கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. மாலைக்குள் இன்னும் இரண்டு பதிவு வேண்டும் என்று காலையிலேயே போன் வந்திருந்தது. சிவந்தி தலையை நிமிர்த்தவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிலோமி தாள்களை வாங்கி மேஜை மேல் வைத்தாள். இடது கையால் கண்ணாடியைத் தேடுகிறவள்போல் தேடினாள். வலது கட்டைவிரல் மூடியில்லாத ஸ்டாம்ப் பேடில் நன்றாக அழுந்தியது.

“அய்ய, மை பட்டுகிச்சே. இத்த கம்ப்யூட்டரு ஏத்துக்காது நைனா. திங்கக்கெழம வேற எட்து இவ கையில குட்த்தனுப்பு” என்றபடி, இரண்டு தாளிலும் எண்கள் இருந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நிதானமாக இழுத்தாள்.